குபேர லிங்கம் வரை

தேரடி வீதியில் என் பாத்திரக் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். ஆட்டோ ஓட்டும் செல்வம் வந்து நின்றான். "அண்ணா, நம்ம ஹார்ட் டாக்டரம்மா போயிட்டாங்களாம். ராத்திரி படுத்தவங்க காலைல எழுந்திருக்கலயாம்" என்றான். "யார்ரா சொன்னது உனக்கு" என்று அவன்மேல் பாய்ந்தேன். எந்தச் செய்தி வந்தாலும் எனக்கு முதலில் கோபம்தான் வரும். டாக்டர் நூர்ஜஹானிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட உங்களில் பலருக்கு இது தெரியும். அங்கே காத்திருக்கும் பெஞ்சில் உங்களோடும் சண்டை போட்டிருக்கிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் நெஞ்சு வலியில் துடித்த என்னை அவரிடம்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். உள்ளே அவர் என்னோடு போராடிக்கொண்டிருக்க, வெளியே என் மனைவி கமலா, நான் பிழைத்தால் கிரிவலப் பாதை முழுவதையும் என்னை நடந்தே சுற்றிவர வைப்பதாக அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டாள். வேண்டியது அவள், நடக்க வேண்டியது நான்.

டாக்டரிடம் சொன்னேன். கூடாது என்பார், ஒரு சண்டை போடலாம் என்று இருந்தேன். அவரோ மருந்துச் சீட்டின் அடியில் "இந்திர லிங்கம் வரை" என்று எழுதினார். "கிலோமீட்டர்ல சொன்னா யாரும் கேக்க மாட்றீங்க. மலையைச் சுத்தி எட்டு லிங்கம் இருக்குதில்ல, ஒவ்வொண்ணா எழுதறேன். அது வரைக்கும் நடங்க, திரும்ப ஆட்டோல வாங்க" என்றார். இந்திர லிங்கம் என் கடையிலிருந்து கூப்பிடு தூரம். வாசலுக்கு வந்ததும் சீட்டைக் கசக்கி எறிந்தேன்.

அடுத்த பௌர்ணமிக்கு, விரதம் என்று மாத்திரையையும் நிறுத்திவிட்டு, முழுச் சுற்றும் முடித்துவிடலாம் என்று விடியற்காலையில் கிளம்பினேன். நான்காவதான நிருதி லிங்கத்தருகே கண் இருண்டு உட்கார்ந்துவிட்டேன். யாரோ புண்ணியவான் ஆட்டோவில் ஏற்றி அவரிடம் கொண்டுவந்து விட்டார். திட்டினால் திருப்பிச் சொல்ல ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் என் நாடியைப் பிடித்தபடியே, "விரதம் சாப்பாட்டுக்குத்தான், மாத்திரைக்கு இல்ல. நானும் நோன்பு வைக்கறவதான். உடம்பு முடியலன்னா விட்டுடலாம்னு எங்களுக்குச் சொல்லியிருக்கு. உங்க சாமிக்கு மட்டும் இரக்கம் கம்மியா?" என்றார். அன்று அவர் முன்னால் அழுதேன். கமலாவிடம்கூட இதைச் சொன்னதில்லை.

அதன்பின் ஒழுங்காக நடந்தேன். மூன்றாவது சீட்டில் "எமலிங்கம் வரை" என்று எழுதியபோது, "எமன்கிட்டயே அனுப்பறீங்களேம்மா" என்றேன். "பாத்துட்டு ஆட்டோ புடிச்சித் திரும்பி வாங்கன்னுதான் சொல்றேன்" என்றார், சிரிக்காமல். ஏழாவதாகக் குபேர லிங்கம் எழுதிய அன்று பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: "கடைசி லிங்கத்துக்கு நானும் கூட வரேன். உங்கள நம்ப முடியாது."

அவரை எடுத்துச் செல்லும் முன் வீட்டு வாசலில் நின்ற கூட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து கடலை விவசாயிகள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் என் பக்கம் திரும்பி, "நீங்க எது வரைக்கும்?" என்று கேட்டார். "குபேரன்" என்றேன். "நான் இன்னும் அக்னிதான்" என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செங்கம் சாலையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர், எங்கள் பேச்சு புரிந்து, சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டினார். வாயு லிங்கம். எனக்கு மட்டும்தான் இப்படி எழுதுகிறார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

இந்தப் பௌர்ணமிக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கமலாவோடு கிளம்பினேன். குபேர லிங்கத்தில் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டோம். மூச்சு சீராக இருந்தது, காலில் தெம்பும் இருந்தது. ஈசான்ய லிங்கம் ஒன்றுதான் பாக்கி. "நடந்துடலாம் வாங்க, வேண்டுதல் முடிஞ்சிடும்" என்றாள் கமலா.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை ஏழு சீட்டுகளும், வேளை தவறாமல் மாத்திரை போடும் பழக்கமும்தான். நான் கசக்கி எறிந்த முதல் சீட்டையும் கமலா எடுத்து நீவி வைத்திருந்தாள். என்றாவது ஒருநாள் வேறொரு டாக்டர் எட்டாவதை எழுதித் தருவார், அதையும் நடப்பேன். அண்ணாமலையார் அதுவரை காத்திருப்பார். பெற்றவர் சொன்னதையே கேட்டு வளராதவன் நான். ஆனாலும் அந்த டாக்டரம்மா எட்டாவதை எழுதவில்லை. கை காட்டி ஆட்டோவை நிறுத்தினேன்.