சுவருக்குள் ஒரு ரஷ்யக் காசு

மகள் தன் நாணய ஆல்பத்தில் காலியாக இருந்த ஓர் உறையைக் காட்டி, "பழைய ரஷ்யக் காசும்மா. இது மட்டும் கிடைக்கவே மாட்டேங்குது" என்றாள். பக்கத்துக் காசுகளைத் தொட்ட என் விரல்களில் ஏறிய பித்தளை வாடை, இடிக்கப்பட்டுவிட்ட ஆவடி குவார்ட்டர்ஸுக்கு என்னை இழுத்துப்போனது.

அப்பாவுக்கு ராணுவத் தொழிற்சாலையில் வேலை. அங்கே வந்திருந்த ரஷ்யப் பொறியாளர் ஒருவர், வாழைப்பழக் கடையில் சிறுமியான என் கையில் அப்படியொரு காசை வைத்துச் சிரித்தார். வெளிநாட்டுக்காரர்களிடம் எதையும் வாங்கக் கூடாது என்பது குவார்ட்டர்ஸில் குழந்தைகளுக்கும் தெரியும். தொழிற்சாலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதென்றாலும் அம்மா முதலில் ஜன்னலைச் சாத்துவாள். "யார்னா கேட்டுக்கினு இருந்தா உங்கப்பா வேலையே பூடும்டி."

காசைச் சமையலறைச் சுவர் விரிசலில் செருகி, சோற்றைச் சுண்ணாம்புப் பொடியோடு குழைத்து அடைத்தேன். அதன் பிறகு, தினமும் மாலையில் தொழிற்சாலைச் சங்கு ஊதி, சைக்கிள்கள் சாரிசாரியாகத் திரும்பி, அத்தனை மணியொலிகளுக்கு நடுவே அப்பாவின் கரகரத்த மணி கேட்கும்வரை வாசற்படியை விட்டு நகர மாட்டேன். கேட்ட பிறகும் அவருக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பேன்.

அப்பா ஓய்வுபெற்று, இறந்தும் போனார். குவார்ட்டர்ஸை இடித்த அன்று போய் நின்றேன். எங்கள் சமையலறைச் சுவர் சரிந்தபோது அந்த விரிசல் இருந்த இடத்தையே பார்த்தேன். புழுதி மட்டும்தான் கிளம்பியது.

"என்னம்மா, உன்கிட்ட இருந்துச்சா?" என்று மகள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்துதான், "ஒண்ணு இருந்துச்சு" என்றேன்.