எட்டுக் குடம்

அன்புச்செல்வியின் வலது தோளில் ஏதோ பட்டென்று அறுந்தது ஆடி மாதத்தில். மந்தைவெளி ஜிம்மில் மல்லாந்து படுத்து எழுபது கிலோவை நெஞ்சிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தாள். கம்பியைத் தாங்கிப் பிடிக்க ஆளிருந்தது, பிழைத்தாள். ஆஸ்பத்திரியில், தசைநார் பாதி கிழிந்திருக்கிறது, அறுவை வேண்டாம், பொறுமை வேண்டும் என்றார்கள். பொறுமைக்கு அவள் எங்கே போவாள்? தை மாதம் வேளச்சேரியில் வலுதூக்கும் போட்டி. முதல் மூன்று இடத்துக்குள் வந்தால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனுப் போடலாம். அந்த வேலைக்கு வயது வரம்பு இருபத்தைந்து. அவளுக்கு இருபத்துநாலு முடியப்போகிறது. இந்தத் தை போனால் போனதுதான்.

அதனால் அடையாறில் பிசியோதெரபி பார்க்கும் தீபிகா சொன்னதையெல்லாம் அப்படியே செய்தாள். முதலில் ரப்பர் பட்டையை இழுப்பது. அப்புறம் ஒரு கிலோ, இரண்டு கிலோ. தலைக்கு மேல் கை போகக் கூடாது. வலி பத்துக்கு மூன்றைத் தாண்டினால் அந்த நிமிடமே நிறுத்திவிட வேண்டும். எழுபது கிலோ தூக்கியவள் இரண்டு கிலோவோடு நின்றபோது ஜிம்மில் சிலர் நமட்டுச் சிரிப்புச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அப்படியும் கார்த்திகை பிறந்துவிட்டது, வலி மட்டும் குறையவே இல்லை.

"இந்நேரம் வெயிட் மாட்டாத வெறும் கம்பியாவது தூக்கணும் நீ. எனக்குத் தெரியாம ஏதாவது வெயிட் தூக்குறியா?" என்றாள் தீபிகா.

"எங்கம்மா மேல சத்தியமா இல்ல மேடம்."

"சரி, காலைல எழுந்ததுலேர்ந்து என்னென்ன செய்யறேன்னு ஒண்ணு விடாம சொல்லு."

"அஞ்சு மணிக்கு எழுந்துப்பேன். கீழ அடிபம்புல தண்ணி அடிச்சு மேல ஏத்துவேன். அப்புறம் சோறு வடிச்சிட்டு…"

"இரு, இரு. எத்தனை குடம்?"

"எட்டு. இடுப்புல ஒண்ணு, வலது கையில ஒண்ணு. மூணாவது மாடி."

தீபிகா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு குடம் பதினஞ்சு கிலோடி! பம்பு அடிக்கிறது வேற. நான் ரெண்டு கிலோவுக்கே பயந்துக்கிட்டிருக்கேன்!"

"அது தண்ணி தானே மேடம்?" என்றாள் அன்புச்செல்வி. அவள் பொய் சொல்லவில்லை. அதை யாரும் இதுவரை எடை என்று சொன்னதே இல்லை.

"இன்னும் ஆறு வாரம் ஒரு குடம்கூடத் தொடக் கூடாது. தொட்டா தைப் போட்டிய மறந்துடு," என்றாள் தீபிகா.

பட்டினப்பாக்கம் வீட்டுக்கு வந்து அம்மா பொன்மணியிடம் சொன்னாள். தம்பி செம்பியன் போனை நோண்டிக்கொண்டு படுத்திருந்தான். இருபது வயதுத் தடியன்.

"தம்பி ஏத்தட்டும்மா."

"நல்லா கீதே! ஆம்பளப் புள்ள குடம் தூக்கினு படி ஏறுனா பாக்குறவங்க இன்னா சொல்லுவாங்க? நான் தூக்கிக்கிறேன், வுடு," என்றாள் பொன்மணி. தி. நகரில் மூன்று வீட்டில் தரை துடைத்துத் தேய்ந்துபோன மூட்டு அவளுக்கு. செம்பியன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பாழாய்ப்போன வழக்கம், யாரை நொந்துகொள்ள!

மறுநாள் காலை அன்புச்செல்வி கையைக் கட்டிக்கொண்டு வாசற்படியிலேயே நின்றாள். அம்மாவின் செருப்புச் சத்தம் கீழே போய் மேலே வந்தது. இரண்டாம் நடையில் பாதியில் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தாள். முதல் மாடித் திருப்பத்தில் குடத்தை வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி பொன்மணி உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை.

வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டு செம்பியன் இறங்கினான். "தள்ளும்மா, லேட்டாவுது," என்று குடத்தைச் சுற்றிக்கொண்டு போய்விட்டான்.

அன்புச்செல்வி கட்டிய கையைப் பிரித்தாள். இறங்கிப் போனாள். குடத்தின் கழுத்தில் கை வைத்தாள்.

"வேணாண்டி! டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?"

"தண்ணி தானேம்மா," என்று சொல்லித் தூக்கினாள்.