எலும்பு ஊசியும் என் மனைவியின் கால்விரல்களும்

யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் சரித்திரம் படிப்பித்தவன் நான். ஆதி மனிதர் சைபீரியாவிலிருந்து அமெரிக்கக் கண்டத்துக்குள் நடந்து வந்த கதை என்றால் எனக்கு உற்சாகம். கரும்பலகையில் வெண்கட்டியால் பனியைத் தீற்றி, அதன்மேல் அவர்களை நடக்க வைப்பேன். பனியை நான் கண்டது குளிர்சாதனப் பெட்டிக்குள் மட்டும்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் மகன் எங்களை ரொறன்ரோவுக்கு அழைத்தான். சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடி. முதல் குளிர்காலத்திலேயே முதியோர் சங்கத்தில் பேசச் சொல்லிக் கேட்டார்கள். ஆதிக்குடிகள் புதுநிலத்துக்குப் பழகிய விதம் பற்றிப் பேசுவதாகச் சொல்லி, மூன்று நாள் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தேன்.

புறப்படும் நேரம் என் மனைவி கறுப்புக் காற்சட்டையும் பூட்சும் போட்டுக்கொண்டு வந்தாள். எதிர்வீட்டு மன்னார்க்காரி கொடுத்த இரவல்.

“உதென்ன கோலம்? வேட்டைக்கே போறீர்?”

“வெளியிலை குளிர் கொல்லுது, இஞ்சருங்கோ. இண்டைக்கு மட்டும்...”

“பேச்சாளற்றை மனிசி காற்சட்டையோடை முன்வரிசையிலை இருந்தா, சனம் என்னைக் கேக்குமே, உம்மைப் பாக்குமே?”

அவள் திரும்பிப் போய்ப் பச்சைக் காஞ்சிபுரத்தில் வந்தாள். சீலைக்குப் பூட்ஸ் வடிவில்லை என்று அதையும் கழற்றுவித்தேன். விரல் தெரியும் செருப்பு. எனக்கோ கம்பளித் தொப்பி, முழங்கால் வரை பூட்ஸ்.

மண்டபத்துக்குப் பதினைந்து நிமிட நடை. என் முதல் வசனத்தை முணுமுணுத்தபடி முன்னால் போனேன்.

“கால் விறைக்குது.”

“கெதியா நடவும், சூடு வரும்.”

மண்டபத்தில் காதருகே குனிந்து, “விரல் இருக்கிறதே தெரியேல்லை” என்றாள். “கொஞ்சம் பொறும், தொடங்கப் போறாங்கள்” என்றேன். பிறகு ஒரு மணித்தியாலம் பேசினேன். ஈட்டியை விட எலும்பு ஊசிதான் அவர்களைக் காப்பாற்றியது, தோலைக் காலுக்கு அளவாய்த் தைத்துப் போட்டவர்களே பிழைத்தார்கள் என்று முடித்தபோது நல்ல கைதட்டல். அவளும் தட்டினாள். பேச்சுக் கேட்க வந்திருந்த மன்னார்க்காரி தட்டவில்லை. என் மனைவியின் காலடியில் குந்தியிருந்தாள்.

“மாஸ்ரர், பேச்சு திறம். இனி வந்து உந்தக் காலைப் பாருங்கோ.”

விரல்கள் மெழுகுதிரி போல வெளுத்திருந்தன.

ஆஸ்பத்திரியில் விரல்களைக் காப்பாற்றிவிட்டார்கள். இரண்டு விரல்களில் மட்டும் இன்றுவரை உணர்ச்சி இல்லை. “ஏனம்மா செருப்போடை போனனீங்கள்?” என்று மகன் ஏசினான். “எனக்குத்தான் அறிவில்லை, தம்பி” என்றாள். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். நான்தான் சொன்னேன் என்று வாய் திறக்கவில்லை. நான் இங்கே எழுதியதை வாசித்துத்தான் அவன் அதை அறியப் போகிறான்.

அடுத்த கிழமை தனியாகக் கடைக்குப் போய்ப் பெண்களுக்கான பூட்ஸ் கேட்டேன். விற்பனைப் பெண் அளவு கேட்டாள். கலியாணமாகி முப்பத்தாறு வருடம், எனக்குத் தெரியவில்லை. இரண்டு கைகளையும் அகட்டிக் காட்டினேன். ஒருமுறை முயல் அளவு, மறுமுறை நாய் அளவு. அவள் சிரித்தாள். வெறுங்கையோடு திரும்பினேன்.

பதினேழாம் மாடி லிப்ட் வாசலில் என் மனைவி, மன்னார்க்காரியுடன் புறப்பட்டு நின்றாள். கறுப்புக் காற்சட்டை, இரவல் பூட்ஸ், கையில் ஆங்கில வகுப்புக் கொப்பி. காற்சட்டை போடலாமோ என்று என்னை யாரும் கேட்கவில்லை.

“உம்மடை கால் என்ன அளவு?” என்றேன்.

“ஏன்?”

“பூட்ஸ் வாங்க.”

“வேண்டாம். நானே போய்ப் போட்டுப் பாத்து வாங்குவன்” என்றாள். “தேத்தண்ணி பிளாஸ்கிலை இருக்கு.”

கொஞ்சம் நொண்டியபடி லிப்டுக்குள் ஏறினாள்.