பிடி என்றால் விடு

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடந்த முதல் சண்டைக்குக் காரணம் ‘பிடி’ என்ற ஒரே ஒரு சொல். அவர் சாத்தூர்ப் பக்கம். ஓசூரில் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த எண்பதுகளில் லேத் வேலைக்கு வந்து, பிறகு தொழிற்பேட்டைக்குப் பின்னால் சொந்தமாக ஒரு ஷெட் போட்டவர். நான் வேப்பனப்பள்ளிக்காரி. வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம் என்று மூன்றிலும் வாயாடி வளர்ந்தவள். ஒரு நாள் லாரியிலிருந்து ஒரு பெரிய மோட்டாரைச் சங்கிலி கட்டி இறக்கிக்கொண்டிருந்தோம். கீழே நின்ற கன்னடக்கார டிரைவர் “பிடி, பிடி” என்று கத்தினார். இவர் சங்கிலியை இறுக்கிப் பிடித்தார். அவர் இன்னும் கத்த, இவர் இன்னும் இறுக்க, மோட்டார் அந்தரத்தில் ஊஞ்சலாடியது.

கன்னடத்தில் அந்தச் சொல்லுக்கு ‘விடுங்கள்’ என்று அர்த்தம். பிஸ்கட்டில் வரும் ‘பி’யைப் போல உச்சரிக்க வேண்டும். எங்கள் ஊர்க் காதுக்கு அந்த வித்தியாசம் பளிச்சென்று கேட்கும். சாத்தூர்க் காதுக்கு எல்லாப் பியும் ஒரே பிதான். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவர் சாயங்காலம் வரைக்கும் எனக்கு முகம் கொடுக்கவில்லை.

நான் வெறுமனே சோறு பொங்கிப் போட ஷெட்டுக்கு வந்தவள் இல்லை. கல்யாணத்துக்கு முன்பே என் அண்ணன் கடையில் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டப் பழகியிருந்தேன். ஷெட்டில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, பம்ப் மோட்டார், கிரைண்டர், மில் மோட்டார் என்று எது வந்தாலும் பிரித்துக் கட்டினேன். ஆனால் வாசல் போர்டில் லேத் வேலை மட்டும்தான் இருந்தது. வருகிற ஆட்கள் என்னைப் பார்த்து “சார் இல்லீங்களா?” என்றுதான் கேட்பார்கள். நான் கட்டிய காயிலுக்கு இவர் கைராசிக்காரர் என்று பேர் வாங்கினார். அப்படிச் சொல்கிறவர்களிடம் அவர் சிரித்துக்கொள்வாரே தவிர, ‘அது என் வேலை இல்லை’ என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் அந்த பெங்களூர்க்காரர் வந்தார். பாகலூர்ப் பக்கம் அவருக்கு ஒரு தோட்டம் இருந்தது. அந்தத் தோட்டத்து மோட்டாரை நான்தான் கட்டிக் கொடுத்திருந்தேன். அவர் ஓட்டி வந்தது ஓர் அமெரிக்கக் கார். நீளம் எங்கள் ஷெட்டைவிடக் கொஞ்சம்தான் குறைவு. கிளட்ச் கிடையாது, கியர் தானாகவே மாறும். பெங்களூருக்கு வெளியே பயன்படாமல் கிடந்த ஒரு விமான ஓடுபாதையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயம் நடக்குமாம். இரண்டிரண்டு கார்களாக நிற்க வைத்து, கொடியை இறக்கியதும் நேர்கோட்டில் ஓட விடுவார்கள். ஓட ஆரம்பித்தால் அவர் காரை யாராலும் பிடிக்க முடியாது. ஆனால் கிளம்புகிற இடத்திலேயே தோற்றுப்போகிறார்.

காரணத்தை அவரே சொன்னார். நல்ல வேகத்தில் கிளம்ப வேண்டுமென்றால், நிற்கும்போதே இன்ஜின் முழு மூச்சில் உறும வேண்டும். ஒரு காலில் பிரேக்கையும் மறு காலில் ஆக்சிலேட்டரையும் மிதித்தால், அந்த இன்ஜினின் பலத்துக்குச் சக்கரத்துப் பிரேக் ஈடு கொடுக்காது. கொடி இறங்குவதற்கு முன்பே கார் கோட்டைத் தாண்டி நகர்ந்துவிடும். தாண்டினால் ஆட்டம் காலி. பிரேக்கைச் சக்கரத்தில் போடாமல் கியர் பெட்டிக்கு உள்ளேயே போட வேண்டும். அதற்குப் பேர் டிரான்ஸ்மிஷன் பிரேக். முதல் கியரையும் ரிவர்ஸ் கியரையும் ஒரே நேரத்தில் விழ வைத்துவிட்டால், கட்டிலை இரண்டு பேர் இரண்டு பக்கமும் இழுக்கிற மாதிரி, கார் எந்தப் பக்கமும் போகாது. கொடி இறங்கும்போது ரிவர்ஸை மட்டும் விடுவித்தால் அடுத்த நொடி பாய்ந்துவிடும்.

அமெரிக்காவிலிருந்து ஒரு சொந்தக்காரர் அந்த பிரேக்கைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதில் ஒரு சின்னக் காயில் உண்டு. பட்டனை அழுத்தினால் காயில் ஒரு கம்பியை இழுக்கும், பிரேக் பிடிக்கும். விட்டால் விடும். மனிதர் அதைச் சிநேகிதர்களுக்கெல்லாம் அழுத்தி அழுத்திக் காட்டியே காயிலைக் கருக்கிவிட்டார். கருகியதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம், “சார் இல்லவா?” என்றார்.

“காயில் கட்றது நான்தாங்க. சார் போல்ட்டு கடையறாரு” என்றேன்.

சார் உள்ளேயிருந்து வந்தார். சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “காயிலு இந்தச் சூட்டுல தாங்காது பாத்துக்கங்க. கியர் ஆயிலு கொதிக்கும். பேசாம ஒரு கேபிள் போட்டு லிவர் வச்சிருவோம். இழுத்தா பிடிக்கும், விட்டா விடும். கரண்டும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்” என்றார்.

“கேபிள் நீண்டுக்கும். பட்டன்னா விரலை எடுத்த மாத்திரத்துல விட்டுரும்” என்றேன் நான். வாடிக்கையாளர் முன்னால் இப்படி ஆரம்பித்தது, ராத்திரி சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வந்தது. எனக்கு அப்போது ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அந்தக் காருக்குள் என் காயில் ஏற வேண்டும். அது என் காயில் என்று நாலு பேர் அறிய வேண்டும். பெங்களூர்க்காரரோ சாமர்த்தியசாலி. “ரெண்டும் செய்ங்க. ஓட்டிப் பாத்து, எது சென்னாகி, நல்லா இருக்கோ அது இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

காயில் உட்காரும் இடம் என் கட்டைவிரல் அளவுதான். கம்பி ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே ஏறினால் மூடி மூடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றினேன், பிடிக்காமல் பிரித்தேன், மறுபடி சுற்றினேன். வார்னிஷில் முக்கி, பல்பு எரியும் பெட்டிக்குள் வைத்துக் காய வைத்தேன். சூடு தாங்குமா என்று பார்க்க வேறு வழியில்லாமல், வடைச் சட்டியில் கியர் ஆயிலை ஊற்றி, அடுப்பில் ஏற்றி, அதற்குள் காயிலைப் போட்டு பேட்டரியில் இணைத்தேன். ‘டக்’கென்று இழுத்தது. ஆயில் புகைகிற வரைக்கும் பிடித்த பிடியை விடவில்லை. அந்தச் சத்தத்தை இப்போது நினைத்தாலும் எனக்குத் தலை நிமிரும். அதற்கப்புறம் இவர் அந்தச் சட்டியில் சுட்ட எதையும் தின்ன மறுத்துவிட்டார் என்பது வேறு கதை.

அவர் வேலையையும் குறை சொல்ல மாட்டேன். கேபிள் கியர் பெட்டிக்குள் நுழைகிற இடத்தில் புஷ் என்று ஒரு பித்தளை வளையம் கடைந்து போட்டிருந்தார். ஒரு சொட்டு ஆயில் கசியவில்லை.

கம்பெனிகளுக்கு லீவு விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொழிற்பேட்டையின் நேர்ரோட்டில் வைத்துப் பார்த்தோம். முதலில் கேபிள். லிவர் பக்கத்து சீட்டின் ஓரமாக இருந்ததால், அதை இழுத்துப் பிடிக்க, ஓட்டுகிற பெங்களூர்க்காரருக்குப் பக்கத்தில் இவரே உட்கார்ந்தார். இன்ஜின் உறுமியது. ரோட்டோரத்துத் தைல மரத்திலிருந்த காக்கைகளெல்லாம் பறந்துபோயின. கார் இம்மியும் அசையவில்லை. பெங்களூர்க்காரர் அதுவரை தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தார். அந்த உறுமலில் அவர் நாக்கு சொந்த ஊருக்குப் போய்விட்டது. “பிடி! பிடி!” என்று கத்தினார்.

என் வீட்டுக்காரரின் காதும் சாத்தூருக்குப் போய்விட்டது. இரண்டு கையாலும் லிவரை இழுத்துப் பிடித்தார். அவர் கத்தக் கத்த இவருக்குப் பல் கடிபட்டது. காருக்கு அடியிலிருந்து புகை வர ஆரம்பித்தது. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். “ஏங்க, விடுங்க! விடச் சொல்றாருங்க!” என்று ஜன்னலில் அறைந்த பிறகுதான் விட்டார். நான் பின்னால் துள்ளியதால் பிழைத்தேன். கார் ரோட்டின் கடைசியில் போய்த்தான் நின்றது.

இரண்டு பேரும் வேர்த்து விறுவிறுத்து இறங்கினார்கள். இவருக்கு வெட்கம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம். “ஆனா பிரேக்கு ஒரு நூலு அசைஞ்சிச்சா? சொல்லுங்க” என்றார். அசையவில்லைதான். லிவரை ஓட்டுகிறவர் பக்கமே மாற்றித் தருகிறேன் என்று சொல்லி, அன்றைக்கே மாற்றியும் கொடுத்தார். ஆனால் லிவரை விடுவதற்கு ஒரு கை ஸ்டியரிங்கை விட்டு இறங்க வேண்டியிருந்தது. கார் பாய்கிற அந்த நொடியில் ஒற்றைக் கையில் வண்டி கோணிக்கொண்டு ஓரத்துக்குப் போனது. பிறகு என் காயிலைப் போட்டோம். பட்டனை ஸ்டியரிங்கோடு சேர்த்துப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தி, இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க, நேராகப் போய் நேராக நின்றார். திரும்பி வந்து, “இதே சாகு” என்றார். இதுவே போதுமாம். எனக்கு ரோட்டிலேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது. இவர் ஷெட்டுக்குள் போய், அந்தப் பட்டனை ஸ்டியரிங்கில் பொருத்துவதற்குப் பித்தளையில் ஒரு பிடிமானம் கடைந்துகொண்டு வந்தார். விரலுக்கு வாகாக, விளிம்பெல்லாம் மழுக்கி, அப்படி ஒரு நேர்த்தி.

பந்தயத்துக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார். ஓடுபாதை ஓரத்தில் பெரிய கூட்டம். பெண்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். எங்கள் கார் கோட்டில் வந்து நின்றது. பக்கத்தில் இன்னொரு கார். இரண்டும் உறுமின. கொடிக்காரர் கொடியைத் தூக்கினார். தூக்கியவர் இறக்கவில்லை. எங்கிருந்தோ ஒரு நாய் வந்து பாதையின் நட்டநடுவில் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டிருந்தது.

உள்ளே ஆயில் கொதித்துக்கொண்டிருக்கும். என் காயில் அந்தக் கொதிப்பில் கிடந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. பக்கத்துக் கார் பிரேக்கை மீறி முன்னால் நகர்ந்து, பின்னால் வந்து, மறுபடி நகர்ந்தது. எங்கள் கார் அடித்து வைத்த முளை மாதிரி நின்றது. கூட்டத்துக்குப் பொறுமை போய்விட்டது. “பிடி சார், பிடி!” என்று கொடிக்காரரைப் பார்த்துக் கத்தினார்கள். விடுங்கள், விடுங்கள் என்று. என் பக்கத்தில் நின்ற இவரோ, காரைப் பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு, “பிடி... பிடி... விட்டுராத, பிடி” என்று முனகிக்கொண்டிருந்தார். தன் கேபிளைத் தோற்கடித்த என் காயிலிடம் கெஞ்சுகிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நாய் எழுந்து போனது. கொடி இறங்கியது. எங்கள் கார் பாய்ந்து தூரம் போனபோது பக்கத்துக் கார் இன்னும் கோட்டைத் தாண்டவில்லை. கடைசியில் நெருங்கி வந்தது, அவ்வளவுதான். முந்த முடியவில்லை.

பெங்களூர்க்காரர் இறங்கி ஓடி வந்து முதலில் இவர் கையைத்தான் பிடித்துக் குலுக்கினார். கூட்டமும் இவரைச் சூழ்ந்துகொண்டது. அந்த பிரேக் யாருடைய வேலை, உங்களுடையதா என்று ஒருவர் கன்னடத்தில் கேட்டார். இந்த முறையும் சிரித்துக்கொள்வாரா பார்ப்போம் என்று நின்றேன். இத்தனை வருஷத்தில் கன்னடத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசியறியாத மனிதர், என்னைக் கையால் காட்டி, “நந்தல்லா. இவர்து” என்றார். என்னுடையது இல்லை, இவங்களோடது. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

ஓசூர் பஸ்ஸில் உட்கார்ந்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “பொண்டாட்டியைச் சொல்றப்ப ‘இவள்து’ன்னு சொல்லணும். நீங்க மரியாதை போட்டு ‘இவர்து’ன்னு சொல்லிட்டீங்க. இன்னும் உங்களுக்குக் கன்னடம் வரலை” என்றேன்.

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, “தெரிஞ்சுதாம்மா சொன்னேன்” என்றார்.