பெரிய கிளாக்கர் செய்த தவறு

நம் தேயிலைத் தோட்டத்தின் தலைமை எழுத்தர் ராமையா அண்ணன் காலமான செய்தியைக் கஹவத்தை பஸ் நிலையத்தில் ஒரு த்ரீவீல்காரர், சிங்களத்தில் ‘ஐயா’ என்றழைத்துச் சொன்னார். "மகத்தயா, உங்க பெரிய கிளாக்கர் காலையில போயிட்டாரு." உண்மைதானா என்று திரும்பவும் கேட்டேன். எதையும் சரிபார்க்காமல் நம்ப எனக்கு வராது.

நம் தோட்ட ஆபீசில் இருந்தவர்களுக்குத் தெரியும், கம்ப்யூட்டர் வந்தபோது நான் அதைத் தொடப் பயந்தேன். அடுத்த மேசையிலிருந்த அண்ணனோ புது மாப்பிள்ளை போல அதன் முன் உட்கார்ந்தார். கொழுந்து விவரங்களைச் சுருக்கித் தரும் பிவட் டேபிளைக் கற்றதும், அதில் இல்லாத கணக்குகளையும் சேர்க்க ஆசைப்பட்டார். "அது குடுக்கிறத மட்டும் வாங்கிக்கவா? நமக்கு வேண்டியத நாம கேட்போம்யா!"

அந்த வருஷம், ஆளுக்குச் சராசரியாக அதிகக் கொழுந்து பறிக்கும் டிவிஷனுக்குக் கதிர்காமப் பயணம் என்று தோட்ட நிர்வாகியான துரை அறிவித்திருந்தார். அண்ணன் ஒவ்வொரு நாளின் சராசரியையும் கண்டு, அந்தச் சராசரிகளுக்கு டேபிளில் ஒரு சராசரி எடுத்தார். மேல் டிவிஷன் வென்றது. "மெஷினுக்கும் எங்க மேல கோவமாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார் கீழ் டிவிஷன் லெட்சுமி.

நான் கல்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். விடை ஒத்துவரவில்லை. மேல் டிவிஷனில் ஞாயிறுகளில் நாலைந்து கெட்டிக்காரர்கள் மட்டும் வந்து நிறையப் பறித்திருந்தார்கள். அந்த நாளுக்கும், எல்லோரும் வந்த நாளுக்கும் சராசரியில் ஒரே மதிப்பு. பிழை என்னுடையதாகத்தான் இருக்கும் என்று தயங்கினேன். பயணத்துக்கு பஸ் பேசப் போகிறார்கள் என்றதும் அண்ணனிடம் மெதுவாகச் சொன்னேன்.

அவர் டேபிளுக்குள்ளேயே புதிய கணக்கொன்றைச் சேர்த்தார்: மொத்தக் கிலோவை மொத்த ஆட்களால் வகுப்பது. கீழ் டிவிஷன் முன்னே வந்தது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஏன்யா இத காதுக்குள்ள சொல்றீங்க? பிழைய கண்டா சத்தமா சொல்லுங்க!"

மறுநாள், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லோர் முன்னும் நின்றார். "நான் போட்ட கணக்கு பிழைங்க. கண்டுபிடிச்சது இவரு." மேல் டிவிஷன் முணுமுணுத்தது. அவர்களைப் பார்த்து அண்ணன் சொன்னார்: "பஸ்ஸுல எடம் இருக்கு, நீங்களும் வாங்க. ஆனா முன் சீட்டு அவங்களுக்கு!" களமே சிரித்தது.

அவருடைய இறுதிச் சடங்கில் ஒருவர், "ராமையா ஐயா கணக்கில் ஒருநாளும் தவறியதில்லை" என்று பேசினார். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் எழுந்தேன். "தவறினாருங்க. நான் சரிபார்த்தேன்" என்று தொடங்கி, நடந்ததை எல்லாம் சொன்னேன். "முன் சீட்டு எங்களுக்குங்க!" என்று லெட்சுமி குரல் கொடுத்தார். அழுதுகொண்டிருந்த அண்ணியும் சிரித்துவிட்டார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது "சத்தமா சொல்லுங்க" என்ற அந்தச் சத்தத்தைத்தான். அன்று மைக் இல்லாமலே என் குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்டதாம்.