வாசலுக்கு வெளியே ஒரு பெஞ்சு

ஞாயிறு காலை ஆறேகால் மணி. முதலில் கண்ணில் பட்டது துணி அலசிய வாளித் தண்ணீர். அது சிவப்பாக இருந்தது. என் மனைவி எஸ்தர் மகளைப் பெற்று மூன்று வாரமாகியும் உதிரப்போக்கு நிற்கவில்லை. மறுநாளும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரியில் கத்தி வைக்க வேண்டும், இவ்வளவு ரத்தம் இழந்த உடம்பு தாங்குமா என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பத்திரிகைக்குச் செய்தி எழுதிப் பிழைக்கிறவன் நான். அன்று ஜெபிக்க எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.

"இன்னிக்குத் திருவிருந்துங்க. என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் எஸ்தர்.

பினாங்கில் எங்கள் சபைக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆண் பிள்ளை பெற்றவள் நாற்பது நாள், பெண் பிள்ளை பெற்றவள் எண்பது நாள் ஆலயத்துக்குள் வரக்கூடாது. வாசலுக்கு வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்கலாம். மோசேயின் பிரமாணம் என்பார்கள்; அந்த நாள் கணக்கு அதில் உண்டுதான். ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த தீட்டுக்கு மோசேயின் பெயரைச் சூட்டியிருந்தோம்.

ரிக்‌ஷாவில் போய் இறங்கினோம். குழந்தை என் கையில். சபை மூப்பர் ஞானமுத்து கையை நீட்டி ஆலய வாசலை மறித்தார்.

"தம்பி, தங்கச்சிக்கு நாள் கழியலையே. பெஞ்சில உக்கார வைங்க."

"மோசே சொன்னதா அண்ணே?" என்றாள் எஸ்தர், என் தோளைப் பிடித்துக்கொண்டு.

"ஆமாம்மா. நானா சொல்றேன்?"

"அப்ப மோசேயை முழுசாப் பிடிங்க. நேத்து பசார்ல கூடை நிறைய நண்டு வாங்கினீங்களே, அதைத் தின்னலாம்னு அவரு எங்க சொன்னாரு?"

உள்ளே யாரோ சிரித்தார்கள். மூப்பரின் மனைவிதான்.

"நண்டு வேற, தீட்டு வேற!" என்றார் மூப்பர்.

"பன்னிரண்டு வருசம் உதிரம் போனவ கூட்டத்துல நுழைஞ்சு ஆண்டவரோட துணியைத் தொட்டா. வெளிய போய் உக்காருன்னா சொன்னாரு? மகளேன்னு கூப்பிட்டாரு. தள்ளுங்க அண்ணே."

அவர் விலகவில்லை. எஸ்தர் அவர் கைக்குக் கீழே குனிந்து உள்ளே போனாள். முதல் வரிசையில் உட்கார்ந்தாள். போதகர் அப்பத்தையும் பாத்திரத்தையும் அவளிடமே முதலில் கொண்டுவந்தார். எல்லோர் காதிலும் விழும்படி அவள் ஜெபித்தாள்: "ஆண்டவரே, சுத்தமாகிட்டு நான் வரலை. சுத்தமாக்குங்கன்னு வந்திருக்கேன். என் பிள்ளையை நான் வளர்க்கணும்."

திங்கட்கிழமை காலை வாளித் தண்ணீர் தெளிவாக இருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, கத்தி வேண்டாம் என்றார். மருந்தால்தானே என்று கேட்பவர்களுக்கு: மருந்தை நாங்கள் நிறுத்தவில்லை. மூன்று வாரமும் அதே மருந்துதான். கண்டதைச் சொல்கிறேன். நான் நன்றி சொல்வது ஆண்டவருக்கு.

மோசேயின் பிரமாணத்தை நான் பழிக்கவில்லை. அது பரிசுத்தமானது. நம் அழுக்கை அது காட்டும், கழுவாது. கழுவுகிறவர் கிறிஸ்து. அவர் கழுவியவளை எண்பது நாள் வெளியே நிறுத்த எந்த மூப்பருக்கும் அதிகாரம் இல்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நாள் எண்ணுவதில்லை. சகோதரிகளே, உங்களை யாராவது வாசலில் மறித்தால் நில்லாதீர்கள். அவரை நம்பி, இருக்கிறபடியே உள்ளே வாருங்கள்.

போன மாதம் மூப்பரின் மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இந்த ஞாயிறு அவள் இரண்டாம் வரிசையில் இருந்தாள். வெளியே பெஞ்சின் மேல் யாரோ சைக்கிளைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.