பன்றிகூட வராத ஏழு இடங்கள்

ஷாஹிஸ்தாவைப் பற்றிப் பேசினால் அவளுடைய அத்தா லியாகத் அலி மீன் கறியிலிருந்துதான் ஆரம்பிப்பார். ஈப்போவில் அவருக்குச் சாப்பாட்டுக்கடை. மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. மழை பெய்ததா, பள்ளி விடுமுறையா, எதிர்க்கடை திறந்திருக்கிறதா என்று தினமும் ஒரு நோட்டில் குறித்து வைப்பாள். ஒருநாள், "அத்தா, இன்னிக்கு மீன் பாதி போதும். மிஞ்சிரும்" என்றாள். அவர் சிரித்தார். ராத்திரி மீன் மிஞ்சியது. இரண்டே மாதத்தில் அவளைக் கேட்காமல் அவர் சந்தைக்குக் கிளம்புவதில்லை என்றாகிவிட்டது.

அந்தப் பைத்தியம் முற்றித்தான் அவள் புள்ளியியல் படித்தாள். டாக்டர் பட்டமும் வாங்கினாள். கல்யாண வீட்டில் யாராவது முட்டிவலிக்கு மருந்து கேட்டால், "நான் காட்டு மிருகத்தை எண்ணுற டாக்டர்" என்பாள். கேட்டவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். மிருகம் வரிசையில் நின்று எண்ணச் சொல்லுமா என்ன? கண்ணில் பட்டதை வைத்துக் கண்ணில் படாதது எவ்வளவு என்று சொல்வதுதான் அவள் தொழில். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நாற்பத்தோரு வயதிலும் அவளுக்குத் தலைகால் புரியாது.

போன வருடம் அவள் கைக்கு வந்தது சுங்கை தெப்பூஸ் தோட்டம். ஒரு காலத்தில் ரப்பர் பால்மரம் நின்ற இடம். இப்போது பாதி எண்ணெய்ச் செம்பனை, பாதி புதர். இரண்டு மலைக்காடுகளுக்கு நடுவில் கிடக்கும் அந்த நிலத்தில் தொழிற்பேட்டை கட்ட ஒரு திட்டம் இருந்தது. ஒரு காட்டிலிருந்து மறு காட்டுக்குப் போக, முன்னும் பின்னும் கறுத்து நடுவில் வேட்டி கட்டியதுபோல் வெளுத்திருக்கும் தாப்பிர் என்ற காட்டு மிருகம் இந்த வழியைப் பயன்படுத்துகிறதா? ஆம் என்றால் நிலம் தப்பும். இல்லை என்றால் புல்டோசர் வரும். மாநிலக் குழு அவள் அறிக்கைக்காகக் காத்திருந்தது.

எதிரில் ஏதாவது அசைந்தால் தானாகப் படமெடுக்கும் கேமராக்கள் நாற்பத்திரண்டு. அவள் வரைபடத்தில் குறித்துக்கொடுத்த இடங்களில் அவற்றைக் கட்டியவர் தர்மா. அதே தோட்டத்து லயத்தில் பிறந்து, ஜெலாப்பாங் தொழிற்சாலையில் இருபது வருடம் உழைத்து, வேலை போனபின் இவளிடம் சேர்ந்தவர். புதருக்குள் அவர் கால்போன இடமெல்லாம் வழிதான்.

முப்பது நாள் படங்கள் வந்தன. தாப்பிர் ஒன்றுகூட இல்லை. ஷாஹிஸ்தா மனசைக் கல்லாக்கிக்கொண்டு "வழித்தடமாகத் தெரியவில்லை" என்று அறிக்கையை எழுதி முடித்தாள். குழு கூடப் பன்னிரண்டு நாள் இருந்தது.

திங்கட்கிழமை காலை, அனுப்புவதற்குமுன் கடைசியாக ஒருமுறை எண்களைப் பார்த்தாள். பார்த்தவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

ஏழு கேமராவில் தாப்பிர் மட்டுமல்ல, காட்டுப்பன்றிகூட இல்லை! அந்தத் தோட்டத்தில் பன்றி எங்கேதான் இல்லை? மற்ற முப்பத்தைந்தில் முப்பத்துமூன்று கேமராக்கள் பன்றியைப் பிடித்திருந்தன. ஒரு கேமரா தவறவிடலாம். ஏழும் சேர்ந்து தற்செயலாகத் தவறவிட வேண்டுமென்றால், போட்டுப் பார்த்தாள், ஐம்பது கோடியில் ஒரு வாய்ப்பு. அதுவும் எந்த ஏழு? தோட்டத்தில் மிச்சமிருக்கும் பெரிய அத்திமரங்களின் அடியில் வைத்தவை. பழம் கொட்டிக்கிடக்கும் இடத்தில் பன்றி வராதா? மிருகம் வராமல் இல்லை, கேமரா பார்க்காமல் இருக்கிறது! நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள்.

மிருகம் இல்லாத படங்களைக் கணினி தானே ஒதுக்கிவிடும் என்பதால் அவற்றை யாரும் திறந்ததில்லை. இப்போது திறந்தாள். ஏழிலும் ஒரே காட்சி. செம்பனை மரத்தின் பட்டை, மிக அருகில், அதன்மேல் அசைந்த ஓலை நிழல். சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். நாற்பது நிமிடத்தில் தோட்டத்தில் இருந்தாள்.

"தர்மா அண்ணே, இந்த ஏழு கேமராவும் ஏன் மரத்தப் பாத்துக்கிட்டு இருக்கு?"

தர்மாவின் முகம் வெளிறியது. "அலமாக். டாக்டர், அங்கெல்லாம் முனியாண்டி இருக்கார்லா. நீங்க குறிச்ச எடத்துலதான் கட்டுனேன். ஆனா கேட்காம சாமிய எப்படிப் படம் புடிக்கிறது? அதான் அந்தப் பக்கம் திருப்பி வச்சிட்டேன். ஒங்ககிட்ட சொன்னா சிரிப்பீங்கன்னு..." குரல் இறங்கியது. "என் வேல போயிரும்ல?"

ஷாஹிஸ்தாவுக்கு ஒரு கணம் சுருக்கென்று கோபம் வந்தது. உடனே அது அவள்மேலேயே திரும்பியது. பால்மரத்தையெல்லாம் வெட்டியவர்கள் அந்த ஏழு அத்திமரத்தை மட்டும் ஏன் விட்டார்கள்? அடியில் சாமி இருந்ததால் விட்டார்கள். வானத்திலிருந்து எடுத்த வரைபடத்தில் மரம் தெரிந்தது, கல்லும் வேலும் தெரியவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். எண்களைத் தோண்டித் துருவத் தெரிந்தவளுக்கு, பக்கத்தில் நின்ற மனிதரைக் கேட்கத் தெரியவில்லை.

"தப்பு எனக்கும்தான் அண்ணே. வேலையெல்லாம் போகாது. இப்ப கேட்டா சாமி விடுமா?"

"கேக்கலாம். சுருட்டு வைக்கணும். பல்லி சொன்னா சரி."

தகரக் கூரை போட்ட முதல் கோயிலில் தர்மா சுருட்டைப் பற்ற வைத்துக் கண்ணை மூடி நின்றார். ஷாஹிஸ்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தள்ளி நின்றாள். பழக்கதோஷம், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு கூரையில் எத்தனை பல்லி இருந்தால் பத்து நிமிடத்துக்குள் ஒன்றாவது கத்தும் என்று மூளை கணக்குப் போட்டது. ஒன்பதாவது நிமிடமும் போனது. கூரையைப் பார்த்து, "சொல்லேன்" என்று வாய்விட்டே கெஞ்சினாள். உச்சியில் எங்கோ கிச்சுக்கிச்சு என்றது.

"ஆனா சாமி மொகத்த எடுக்கக்கூடாது டாக்டர்," என்றார் தர்மா. "கல்லுக்குப் பின்னால கட்டுறேன். அவரு பாக்குற பக்கமே கேமராவும் பாக்கட்டும்."

கல்லுக்கு முன்னால்தான் பழம் விழுந்துகிடந்தது. இதைவிட நல்ல கோணத்தை அவள் பத்து வருடம் யோசித்தாலும் கண்டுபிடித்திருக்கமாட்டாள். மற்ற ஆறு கோயிலிலும் அப்படியே கேட்டு, அப்படியே கட்டினார்கள். பழைய அறிக்கை அனுப்பப்படவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு முற்பகலில், தர்மாவின் மோட்டார்சைக்கிள் இருக்கையிலேயே மடிக்கணினியை வைத்துப் படங்களைத் திறந்தார்கள். பன்றி. பன்றி. முள்ளம்பன்றி. அப்புறம் வெள்ளை வேட்டி!

"அண்ணே!" என்று கத்திவிட்டாள். அடுத்த படத்தில் தாயின் வயிற்றோரம் ஒரு குட்டி, தர்ப்பூசணிப் பழம்போல் உடம்பெல்லாம் வரி. ஏழு இடங்களில் ஐந்தில் தாப்பிர் வந்திருந்தது. இரண்டு மலைப்பக்கத்து மரத்தடியிலும், நடுவிலும். வழியேதான். சந்தேகமே இல்லை. டாக்டர் பட்டம் வாங்கிய பெண்மணி செம்மண்ணில் குதித்ததைத் தர்மா இன்றும் நடித்துக்காட்டுவார்.

குழுவில் ஓர் அதிகாரி, முப்பது நாளில் ஒன்றுமில்லை, பத்து நாளில் இத்தனையா, எப்படி என்று கேட்டார். கேமராவைத் தவறான திசையில் வைத்திருந்தோம், தவறு எங்களுடையது என்று அவள் மழுப்பாமல் சொன்னாள். பன்றிக் கணக்கைத் திரையில் போட்டாள். ஐம்பது கோடியில் ஒன்று என்றதும் அந்த அதிகாரி எண்ணைக் குறித்துக்கொண்டார். மதியத்துக்குள் முடிவு வந்தது. அந்த நிலம் வழித்தடமாகவே இருக்கும்.

வாசலுக்கு வந்து தர்மாவை அழைத்தாள். "அண்ணே, ஜெயிச்சிட்டோம்! வெட்டமாட்டாங்க!"

அந்தப் பக்கம் மோட்டார்சைக்கிளை உதைக்கும் சத்தம்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"கோயிலுக்குலா டாக்டர். அன்னிக்குக் கேட்டுட்டு வந்தோம்ல. என்ன ஆச்சுன்னு அவர்கிட்ட யாராச்சும் போய்ச் சொல்ல வேணாமா?"

"ஏழு எடத்துக்கும் போங்கண்ணே," என்றாள். "ஒன்னையும் விட்டுறாதீங்க."